படத்தில் உள்ளோருக்கும் பெயர் உண்டு: வறுமையும் வீடும் ஒளிப்பட ஆவணமும்

(ஒக்லாந்து மாநகரின் ஒடாஹுஹுவில் இடம்பெற்ற தமிழ் மக்கள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இவ்வுரை நிகழும் ஒடாஹுஹு, நியூசிலாந்தின் வரலாற்றில் ஒரு வாயிற்படி போன்ற இடம். கிழக்கே தாமாகி ஆறு, மேற்கே மனுகாவ் துறைமுகம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அகல நிலம் மட்டுமே உண்டு. மாவோரி மக்கள் தம் படகுகளைத் தோளிலும் உருளையிலும் ஏற்றி ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு இழுத்துச் சென்ற பாதை இதுவே. 1840களின் இறுதியில் பிரித்தானிய அரசு ஓய்வுபெற்ற படைவீரரை இங்கே குடியமர்த்தியது. 1920களின் இறுதியில் பெரும் தொடருந்துப் பணிமனை எழுந்தது. அயலில் வெஸ்ட்ஃபீல்ட் இறைச்சித் தொழிற்சாலை இயங்கியது. அன்று முதல் ஒடாஹுஹு உழைப்பாளரின் ஊர். பசிபிக் தீவுகளிலிருந்தும், பிஜியிலிருந்தும், இந்தியாவிலிருந்தும், இலங்கையிலிருந்தும் வந்தோர் முதல் வாடகை வீட்டைத் தேடிய ஊர்களில் இதுவும் ஒன்று.

உழைப்பாளரின் ஊரில் பொருளாதார மந்தம் முதலில் தட்டுவது வீட்டின் கதவையே. வேலை போனால் வாடகை நிலுவையாகும். வாடகை நிலுவையானால் இரண்டு குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் ஒடுங்கும். இந்த ஒடுக்கத்தைக் கண்ணால் கண்டவர் பலர், படமாக்கியவர் சிலர். அப்படங்கள் யாருக்காக எடுக்கப்பட்டன, யாருடைய கையில் இருந்தன, படத்தில் இருந்தவர்களுக்கு அவற்றால் என்ன கிடைத்தது என்பனவே இவ்வுரையின் கேள்விகள். தம் துயரத்தை உலகுக்குக் காட்டப் படங்களையே பெரிதும் நம்பியிருக்கும் ஓர் இனத்துக்கு இக்கேள்விகள் புறம்பானவை அல்ல.

படமெடுக்கப்படாத வறுமை

1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் நியூசிலாந்தைக் கடுமையாகத் தாக்கியது. கம்பளி, இறைச்சி, வெண்ணெய் ஆகியவற்றை விற்றே வாழ்ந்த நாட்டின் ஏற்றுமதி வருமானம் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு வீழ்ந்தது. 1933 அளவில் ஏறத்தாழ 80,000 பேர் வேலையற்றோராகவோ நிவாரண வேலையில் தங்கியோராகவோ இருந்தனர். அந்தக் கணக்கில் பெண்கள் இல்லை. 1930ஆம் ஆண்டின் வேலையின்மைச் சட்டம் பெண்களுக்கு உதவி பெறும் உரிமையை வழங்கவில்லை. ஆயினும் 1931 முதல் உழைக்கும் பெண்களிடமிருந்து வேலையின்மை வரி அறவிடப்பட்டது. மாவோரி மக்களுக்கு நிவாரணம் கிடைத்தபோதும் பல இடங்களில் அது குறைந்த வீதத்திலேயே வழங்கப்பட்டது. சீனிச் சாக்குகளைத் தைத்துப் பிள்ளைகளுக்கு உடையாக உடுத்த காலம் அது. அதனால்தான் அந்த ஆண்டுகளை 'சீனிச் சாக்கு ஆண்டுகள்' என்றே பிற்காலத்தவர் அழைத்தனர். டோனி சிம்ப்சன் 1974இல் வெளியிட்ட வாய்மொழி வரலாற்று நூலுக்கும் அப்பெயரே தலைப்பாயிற்று.

வாய்மொழி என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டுகளின் நினைவு பெரும்பாலும் வாய்மொழியாகவே எஞ்சியது. அமெரிக்காவில் நடந்ததைப் போல், அரசே ஒளிப்படக் கலைஞரை ஊதியம் கொடுத்து அமர்த்தி ஏழைகளின் வீடுகளைப் பதிவுசெய்யும் முயற்சி நியூசிலாந்தில் நடைபெறவில்லை. 1932 ஏப்ரல் 14 இரவு ஒக்லாந்து குவீன் வீதியில் வேலையற்றோரின் ஊர்வலம் கலவரமாக மாறியது. உடைந்த கடைக் கண்ணாடிகளைக் காட்டும் படங்கள் இன்றும் உண்டு. அந்த ஊர்வலத்தில் நடந்தவன் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டான், அவ்வீட்டு அடுப்பில் அன்று என்ன இருந்தது என்பதைக் காட்டும் படங்களோ அரியவை. கண்ணாடி உடைந்தால் அது செய்தி. குடும்பம் உடைந்தால் அது செய்தியன்று.

ஒடாஹுஹுவிலிருந்து தெற்கு நோக்கிச் சென்றால் புக்கெகொஹே வரும். அங்கு மரக்கறித் தோட்டங்களில் கூலிவேலை செய்த மாவோரிக் குடும்பங்கள் பெருமந்த ஆண்டுகளில் தகரத்தாலும் சாக்காலும் அமைந்த குடிசைகளில் வாழ்ந்தன. தட்டம்மையும் குக்கல் இருமலும் பரவியபோது அக்குடிசைகளில் பல குழந்தைகள் இறந்தனர். அதே புக்கெகொஹேயில்தான் 1920களின் நடுப்பகுதியில், நிலம் வாங்கிப் பயிரிட்ட இந்தியருக்கும் சீனருக்கும் எதிராக 'வெள்ளை நியூசிலாந்துக் கழகம்' என்னும் அமைப்பு உருவாகியது. கூலி குறைந்ததற்கும் குடிசை பெருகியதற்கும் வந்தேறியே காரணம் என்பது அதன் வாதம். மந்தம் வரும்போதெல்லாம் வாடகை உயர்வுக்குக் காரணமாகக் குடிவரவாளரைச் சுட்டும் விரல் இன்று புதிதாக நீண்டதன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

அக்காலத்து நியூசிலாந்தில் எல்லோரும் அறிந்த வீட்டுப் படம் ஒன்று உண்டு. 1937 செப்டெம்பரில் வெலிங்டன் நகரின் மிராமர் பகுதியில் முதலாவது அரச வீடு குடும்பமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரதமர் மைக்கேல் ஜோசப் சவேஜ் உணவு மேசையொன்றைத் தாமே தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறினார். அந்தக் காட்சி நாட்டின் நினைவில் பதிந்தது. அதற்குப் பின்னால் மெய்யான சாதனை இருந்தது. 1949இல் தொழிற்கட்சி ஆட்சி முடிவுறும்போது ஏறத்தாழ 30,000 அரச வீடுகள் எழுந்திருந்தன. தெற்கு ஒக்லாந்தின் பல தெருக்களின் தோற்றத்தை வடித்தவை அவ்வகை வீடுகளே.

ஆயினும் அப்படம் விடையை மட்டுமே காட்டியது, வினாவைக் காட்டவில்லை. எந்த ஈரச் சுவரிலிருந்து அக்குடும்பங்கள் வெளியேறின என்பதைக் காட்டும் படம் அருகில் வைக்கப்படவில்லை. தொடக்க ஆண்டுகளில் அவ்வீடுகளிலிருந்து மாவோரி மக்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டிருந்தனர் என்பதும் அச்சட்டகத்துக்குள் வரவில்லை. படமெடுக்கப்படாத வறுமை எளிதில் மறக்கப்படும். மறக்கப்பட்ட வறுமைக்கு வீடு கிடைக்காது. இது வரலாறு கற்பிக்கும் முதற்பாடம்.

படமெடுக்கப்பட்ட வறுமை

அவ்வாறாயின் படமெடுத்தால் மட்டும் போதுமா? இதற்கு அமெரிக்கா விடை தருகிறது.

1935இல் அமெரிக்க அரசு அமைத்த மீள்குடியேற்ற நிர்வாகமும், 1937இல் அதன் பணியைத் தொடர்ந்த பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகமும் ரோய் ஸ்ட்ரைக்கர் என்பவரின் பொறுப்பில் ஓர் ஒளிப்படப் பிரிவை நடத்தின. வாக்கர் எவன்ஸ், டோரத்தியா லாங், ஆர்தர் ரொத்ஸ்ரைன், கோர்டன் பார்க்ஸ் முதலியோர் அதில் பணியாற்றினர். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படச்சுருள் பதிவுகள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. கூடாரம், தகரக் கொட்டகை, ஒற்றை அறைக் குடில் எனப் பெருமந்தத்தின் வீட்டு நிலையை உலகம் அறிந்தது அவற்றால்தான்.

அவற்றுள் தலையாயது 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்பொமோ என்னும் ஊரில் லாங் எடுத்த 'புலம்பெயர் தாய்' என்ற படம். கந்தல் கூடாரத்தின் கீழ் ஒரு தாய். தோள்களில் முகம் புதைத்த இரு குழந்தைகள். மடியில் ஒரு சிசு. அப்படங்கள் சான் பிரான்சிஸ்கோ நாளேட்டில் வெளிவந்ததும் அந்த முகாமுக்கு 20,000 இறாத்தல் உணவு அனுப்பப்பட்டது. படத்தின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் உணவு வந்து சேர்ந்தபோது அந்தத் தாய் அங்கில்லை. வேறு வேலை தேடிக் குடும்பத்தோடு புறப்பட்டிருந்தார். அவருடைய பெயரை லாங் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அவரைப் பெயரில்லாமலே அறிந்திருந்தது. 1978இல் அவர் தாமே முன்வந்த பின்னரே அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பதும், அமெரிக்கப் பூர்வகுடியான செரோக்கி வழிவந்தவர் என்பதும் வெளிப்பட்டன. படக்குறிப்பில் சொல்லப்பட்ட செய்திகள் சிலவற்றை அவருடைய பிள்ளைகள் மறுத்தனர். அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் மனம் நொந்து கூறினார். 1983இல் அவர் மறைந்தார். ஒரு நாட்டின் வறுமைக்கே முகமாக நின்றவர், தம் முகத்தின் மீது தமக்கே உரிமையின்றி வாழ்ந்தார். இது இரண்டாவது பாடம்.

தமிழரும் ஒளிப்படக்கருவியும்

இப்பாடத்தை அமெரிக்காவுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழ் மண் கற்றிருந்தது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. தென்னிந்தியா முழுவதும் பல இலட்சம் மக்கள் மடிந்தனர். நிவாரண முகாமில் கல்லுடைத்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் சிறு காசும் போதும் என ரிச்சர்ட் டெம்பிள் என்னும் அதிகாரி விதித்த கூலி வரலாற்றில் இழிபுகழ் பெற்றது. அப்பஞ்சத்தைப் படமெடுத்தவர் வில்லபி வாலஸ் ஹூப்பர் என்ற படை அதிகாரி. எலும்பும் தோலுமான ஆண், பெண், குழந்தைகளை வரிசையாக அமர்த்தி அவர் எடுத்த படங்கள் இன்றும் உலகின் அருங்காட்சியகங்களில் உள்ளன. சாகக் கிடந்தோரை நிறுத்திவைத்துப் படமெடுத்தார் என்ற கண்டனமும் அவர் மீது எழுந்தது.

அப்படங்களில் இருப்போர் எவருக்கும் பெயர் இல்லை. எந்த ஊரினர், என்ன தொழில் செய்தவர், யாருடைய பிள்ளை என்பது ஒன்றும் இல்லை. ஒருவேளை அவர்களுள் ஒருவருடைய உறவினரின் கொள்ளுப்பேரர் இன்று ஒடாஹுஹுவின் தெருவொன்றில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். அந்தப் படத்தைக் கண்டாலும் இது தன் குருதி என்று அவருக்குத் தெரிய வழியில்லை. பசியில் இழந்த உயிரோடு பெயரையும் அந்த மக்கள் இழந்தனர்.

வறட்சியும் பஞ்சமும் கடனும் விரட்டிய மக்கள் கடல் கடந்தனர். இலங்கையின் மலையகத்தில் அவர்களுக்குக் கிடைத்தது லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலான காம்பிராக்கள், முதுகோடு முதுகொட்டி ஒரே கூரையின் கீழ். அங்கும் ஒளிப்படக்கருவி சென்றது. ஆங்கிலேயரின் புகழ்பெற்ற கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரோன் 1875 முதல் தம் இறுதிநாள் வரை இலங்கையில் வாழ்ந்து, அங்கு உழைத்த மக்களைப் படமெடுத்தார். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த கவிஞருக்கும் அறிஞருக்கும் பெயர் உண்டு. இலங்கையில் படமெடுத்தவர்களுள் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. பின்னர் கொழும்பின் ஒளிப்பட நிலையங்கள் கூடை சுமந்து புன்னகைக்கும் பெண்களை அஞ்சலட்டைகளாக உலகெங்கும் விற்றன. கருவி தேயிலைச் செடியைப் படமெடுத்தது. செடியருகே நின்ற பெண்ணைப் படமெடுத்தது. அவள் மாலையில் திரும்பிச் சென்ற காம்பிராவின் கதவை அது அரிதாகவே தாண்டியது.

பிஜித் தீவுகளின் கதையும் அதுவே. 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அவற்றில் ஏறினர். அங்கு ஒரு குடும்பத்துக்கு, அல்லது தனித்த ஆண்கள் மூவருக்கு, ஒதுக்கப்பட்ட அறையின் அளவு பத்தடிக்கு ஏழடி. சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் அதற்குள்ளேயே. அத்தீவைக் கண்ணால் கண்டிராத பாரதியார், அக்கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடினார். தமிழகத்தின் நெஞ்சில் அவர்களைப் பதித்தது எந்த ஒளிப்படமுமன்று, அந்தப் பாடலே. 1987ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சிகளுக்கும் 2000ஆம் ஆண்டின் கவிழ்ப்புக்கும் பின்னர் பிஜி இந்தியர் பெருந்தொகையில் தெற்கு ஒக்லாந்துக்கு வந்தனர். பத்தடிக்கு ஏழடி அறையின் நினைவு இவ்வாறு ஒடாஹுஹுவின் அயலுக்கும் வந்து சேர்ந்தது.

அழிக்கப்பட்ட 38,000 பிரதிகள்

மூன்றாவது பாடத்தை நியூசிலாந்தே தந்தது.

நெதர்லாந்தில் பிறந்து 1957இல் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர் அன்ஸ் வெஸ்ட்ரா என்ற ஒளிப்படக் கலைஞர். நாட்டுப்புறத்தில் வாழ்ந்த ஒரு மாவோரிக் குடும்பத்தின் ஒரு நாளை அவர் படமாக்கினார். 1964இல் கல்வித் திணைக்களம் அதனைப் பள்ளிச் சிறுவருக்கான சிற்றேடாக வெளியிட்டது. துணி துவைக்கும் நாளைப் பற்றிய ஏடு அது. ஒன்பது பிள்ளைகள், பழுதான பழைய வீடு, விறகடுப்பு, சிரிப்பு, அன்பு. அக்குடும்பம் விரைவில் புதிய வீட்டுக்குச் செல்லப்போகிறது என்பதும் அதில் சொல்லப்பட்டிருந்தது.

மாவோரிப் பெண்கள் நலக் கழகம் கடுமையாக எதிர்த்தது. ஒரு குடும்பத்தின் பழுதான வீடு மாவோரி மக்கள் அனைவரின் வாழ்வு என்று வகுப்பறைகளில் காட்டப்படும். சமைக்கும் அடுப்பின் மேல் வெறுங்காலோடு பிள்ளை நிற்பது மாவோரி ஒழுக்கத்துக்கே முரணானது. தம் மக்களுக்குத் தகுந்த வீடு வேண்டுமென ஆண்டுக்கணக்காக உழைப்போரை இது இழிவுபடுத்தும் என்பன அவர்களின் வாதங்கள். கல்வி அமைச்சரின் ஆணைப்படி 38,000 பிரதிகளும் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. அதே ஆண்டில் தனியார் பதிப்பகமொன்று அதனை மீண்டும் வெளியிட்டது. வெஸ்ட்ரா 2023இல் மறைந்தார். அந்த விவாதம் மறையவில்லை.

இதில் யார் பக்கம் நீதி? அன்போடு எடுக்கப்பட்ட படங்களே அவை என்பதைப் பார்க்கும் எவரும் அறிவர். அவற்றை அழித்தது தவறு என்பார் கூற்றில் உண்மை உண்டு. படத்தை அழித்ததால் எந்த வீட்டின் கூரையும் திருந்திவிடவில்லை. ஆனால் கழகத்துப் பெண்கள் கேட்ட கேள்வியை யாரும் அழிக்க இயலாது. ஒரு சமூகத்தைப் பற்றிய ஏடு வகுப்பறைக்குள் செல்லுமுன் அச்சமூகத்திடம் ஏன் கேட்கவில்லை? வறுமையைக் காட்டுவதா மறைப்பதா என்பது அன்று அவர்களின் வழக்கன்று. யார் சொல்வது என்பதே வழக்கு.

தமிழர் இவ்விடத்தில் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அழுக்கு வெளியே தெரியக்கூடாது, மானம் போய்விடும் என்று வறுமையை மூடி மறைக்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றியது. மறுபுறம், நிதி திரட்டும் துண்டறிக்கைகளில் ஊரிலுள்ள ஏழைக் குழந்தையின் கண்ணீர் முகத்தைப் பெற்றோரிடம் கேளாமலே அச்சிடும் வழக்கமும் உண்டு. தம் வீட்டு வறுமையை மறைப்பதும் அயலாரின் வறுமையை விற்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டிலும் அந்த மனிதர் பேசுவதில்லை.

எண்ணும் ஒரு படமே

1980களின் நடுவிலிருந்து நியூசிலாந்தில் நடந்த பொருளாதார மாற்றம் ஒடாஹுஹுவின் அடிப்படையையே அசைத்தது. வெஸ்ட்ஃபீல்ட் தொழிற்சாலை 1989இல் மூடப்பட்டது. 1991இல் அரச கொடுப்பனவுகள் வெட்டப்பட்டன. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அரச வீடுகளுக்கும் சந்தை வாடகை விதிக்கும் கொள்கை வந்தது. வேலையும் கொடுப்பனவும் குறைந்த வேளையில் வாடகை உயர்ந்தது. குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன, வாகனக் கொட்டில்கள் படுக்கையறைகளாயின.

அதே 1991இல் மூளையுறைக் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவத் தொடங்கியது. தெற்கு ஒக்லாந்தின் பசிபிக், மாவோரிக் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டனர். ஒக்லாந்துக் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2000இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று, வீட்டு நெரிசலே அந்நோய்க்கான பெரும் காரணி என்று நிறுவியது. அறைகளின் எண்ணிக்கைக்கு மிஞ்சி எத்தனை வளர்ந்தோர் ஒரு வீட்டில் உறங்குகின்றனர் என்பதே அவ்வாய்வாளர் கேட்ட எளிய கேள்வி. அந்த எண்ணிக்கையும் ஒரு படமே. 2000இல் அரச வீட்டு வாடகையை வருமானத்தின் நான்கில் ஒரு பங்காக வரையறுக்கும் முறை மீண்டும் வந்தது. 2004இல் தெற்கு ஒக்லாந்திலிருந்தே தடுப்பூசித் திட்டம் தொடங்கியது.

கண்ணீர் முகம் இரக்கத்தைத் தூண்டும். அறையின் அளவும் உறங்குவோரின் எண்ணிக்கையும் சட்டத்தைத் தூண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஆவணம்.

மண் மூடிய பின் வந்த படங்கள்

இதன் மறுபக்கத்தை மலையகத்தில் காணலாம். 2014 அக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை, மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது மண்சரிவு அபாயமுள்ள இடம் என்று 2005இலும் 2011இலும் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மக்கள் குடியமர வேறு நிலம் கொடுக்கப்படவில்லை. மண் மூடிய பின் உலக ஊடகங்களின் கருவிகள் அங்கு வந்தன. அதற்கு முன்னைய நாள் வரை அந்த லயங்கள் எவருடைய சட்டகத்துக்குள்ளும் இல்லை.

2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. எரிபொருள் வரிசைகளும், காலிமுகத்திடலும், யூலையில் மக்கள் நுழைந்த மாளிகையின் நீச்சற்குளமும் உலகெங்கும் படங்களாயின. அந்நாட்களில் ஒருவேளை உணவைக் குறைத்த தோட்டக் குடும்பங்களின் காம்பிராக்கள் அவ்வளவு பரவலாகக் காட்டப்படவில்லை. 1930களின் குவீன் வீதிக் கண்ணாடியும் 2022இன் நீச்சற்குளமும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: கருவி ஆரவாரத்தை நாடும், அமைதியாகப் பட்டினி கிடப்போரை அது தானாக நாடாது. யாரேனும் அழைத்துச் செல்ல வேண்டும்.

இந்திய அரசின் உதவியுடன் மலையகத்தில் தனி வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. முதலில் 4,000 வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. இருப்பினும் பெருந்தொகையான குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன. எந்தத் தோட்டத்தில் எத்தனை காம்பிராக்கள் எஞ்சியுள்ளன, எவற்றின் கூரை ஒழுகுகிறது என்பதை அங்கு வாழ்வோரே ஆண்டுதோறும் பதிவுசெய்தால், வாக்குறுதி தந்தோரிடம் கணக்குக் கேட்பது எளிதாகும்.

செய்ய வேண்டியவை

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒளிப்படக்கருவி உண்டு. பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு வாய்க்காத வாய்ப்பு இது. படத்தில் இருப்போரே படமெடுப்போராகவும் இருக்கலாம். ஒடாஹுஹுவிலும் அயலிலும் வாடகை வீடுகளில் வாழும் தமிழருக்கு அதற்கான தேவையும் உண்டு.

நியூசிலாந்தில் நலமிக்க வீடுகளுக்கான விதிமுறைகள் 2019 யூலை 1 அன்று சட்டமாயின. வசிப்பறையை 18 பாகை வரை சூடேற்றவல்ல கருவி, வெப்பக்காப்பு, காற்றோட்டம், ஈரலிப்புத் தடுப்பு, குளிர்காற்றுப் புகும் இடுக்குகளை அடைத்தல் ஆகிய ஐந்தும் வாடகை வீட்டில் இருத்தல் வேண்டும். 2025 யூலை 1 முதல் எல்லா வாடகை வீடுகளும் இதற்கு உட்பட வேண்டும். குறை இருந்தால் 14 நாட்களுக்குள் திருத்துமாறு வாடகைக்கு இருப்பவர் எழுத்து மூலம் அறிவித்தல் கொடுக்கலாம். திருத்தாவிடின் வாடகைத் தீர்ப்பாயத்தை நாடலாம். அங்கு ஒளிப்படம் சான்றாகக் கொள்ளப்படும். முறையிட்டதற்குப் பழிவாங்க வீட்டை விட்டு வெளியேற்றுவது சட்டத்துக்கு முரணானது.

இவ்வுரிமை ஏட்டில் இருந்தும், புதிதாக வந்தோர் பலர் அதனைக் கோர அஞ்சுகின்றனர். விசாவுக்குக் கேடு வருமோ, அடுத்த வீட்டுக்கு நற்சான்று கிடைக்காதோ என்ற அச்சமே காரணம். ஆகவே படமெடுக்க உதவுவோர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

முதலாவது, இசைவு. குடும்பத்தாரின் தெளிந்த இசைவின்றி ஒரு படமும் எடுத்தலாகாது. எடுத்த பின்னரும் அதனை மீளப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. இரண்டாவது, சுவரைப் படமெடுத்தல், முகத்தையன்று. பூஞ்சணம் பூத்த மூலை, நீர் வழியும் சாளரம், பழுதான மின்சூடாக்கி ஆகியவையே சான்றுகள். பிள்ளையின் அழுகை சான்றன்று. மூன்றாவது, படத்தோடு குறிப்பு. எந்த நாள், அறையின் நீள அகலம், உறங்குவோர் எத்தனை பேர், வாடகை எவ்வளவு, எப்போது முறையிடப்பட்டது, என்ன மறுமொழி வந்தது என்பன எழுதப்பட வேண்டும். குறிப்பில்லாத படம் ஹூப்பரின் படம் போல் ஊமையாகிவிடும். நான்காவது, பெயர். பொதுவில் வெளியிட அஞ்சினால் மறைக்கலாம். ஆனால் குடும்பத்தாரிடமும் நம்பிக்கைக்குரிய ஆவணத்திலும் பெயர் இருத்தல் வேண்டும். ஐந்தாவது, ஒரு பிரதி அவ்வீட்டாரிடமே இருத்தல் வேண்டும்.

ஆறாவதும் ஒன்று உண்டு. வீட்டு உரிமையாளருள்ளும் தமிழர் இருக்கின்றனர். தன் இனத்தவனுக்கு ஒழுகும் கொட்டிலை வாடகைக்கு விட்டு, கோயிலில் அன்னதானம் செய்வதால் அறம் நிறைவேறாது. அந்தச் சுவரையும் படமெடுக்கும் துணிவு இருந்தால்தான் இவ்வியக்கம் நேர்மையானது.

அவையோரே,

பெருமந்தத்தின் நியூசிலாந்து தன் ஏழைகளைப் படமெடுக்கவில்லை. அவர்கள் கதைகளாக மட்டுமே எஞ்சினர். அமெரிக்கா படமெடுத்தது, பெயர் கேட்கவில்லை. சென்னை மாகாணத்தில் படமெடுத்தவன் பெயரையும் கேட்கவில்லை, சோறும் கொடுக்கவில்லை என்ற பழியையே விட்டுச்சென்றான். பத்தடிக்கு ஏழடி அறையிலிருந்தும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவிலிருந்தும் புறப்பட்ட ஒரு மக்களின் வழித்தோன்றல்கள் இன்று இரு கடல்களுக்கிடையேயான இந்த ஒடுங்கிய நிலத்தில் வாழ்கின்றனர். அவர்களின் கையில் உள்ள கருவி அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லும் படத்தில் நாள் இருக்கட்டும், அளவு இருக்கட்டும், பெயர் இருக்கட்டும். அந்தப் படத்தைக் காணும் பேரப்பிள்ளை, "பாவம், யாரோ" என்று கடந்து செல்லாமல், "இது எங்கள் அப்பம்மா, இந்தச் சுவருக்காக வழக்காடியவர் இவர்தான்" என்று சொல்லும் நாள் வரட்டும்.